வெளிறின மஞ்சக்கரு

இல்லங்க டாக்டர், கடைல வாங்கினது இல்ல, எங்க வீட்டுக் கோழி போட்டதுதான். உடைச்சே பாருங்களேன். அந்தத் தட்டுல ஊத்துங்க. பாத்தீங்களா? இதுக்குப் பேரு மஞ்சக்கருவாம். வெளிறிப் போயி, திட்டுத்திட்டா, லேசா ஓடு பட்டாலே கலங்கி ஓடிருது. நாலு கோழியும் இப்படித்தான், ஒண்ணப் பாத்து ஒண்ணு கத்துக்கிச்சோ என்னமோ.

நிறம் கொறஞ்சாலும் சத்து கொறையாதுன்னு நீங்க சொல்றீங்க, சரி, நான் ஒத்துக்கறேன். எங்க வீட்டுக்காரர் ஒத்துக்கணுமே. அந்த மனுஷன் மூணு மாசமா ஒழுங்கா சாப்பிடறதில்ல. பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டாச்சு. காலைல ஒரு அவிச்ச முட்டை, அது ஒண்ணுதான் மறுபேச்சு இல்லாம உள்ள போயிட்டிருந்துச்சு. இப்ப அதையும் ரெண்டாப் பிளந்து பாத்துட்டுத் தட்டத் தள்ளிடறாரு. கடை முட்டை குடுத்துப் பாத்தேன், இது நம்ம கோழியோடது இல்லன்னு மோந்தே கண்டுபிடிச்சிட்டாரு. அதான் நீங்க கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறேன். ஆமாமா, மாட்டாஸ்பத்திரி. வாய் தவறிடுச்சு. இந்தக் கரு பழையபடி ஆகலன்னா அந்த ஆளு எனக்கு மிஞ்சமாட்டாரு.

தீவனமா? அதெல்லாம் மாத்தி மாத்திப் பாத்தாச்சு. மொதல்ல மூட்டைத் தீவனம் மட்டும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி சொன்னான்னு மக்காச்சோளம், கேரட் தோல். சாமந்திப்பூவக் காயவெச்சுப் பொடி பண்ணிக்கூடக் கலந்தேன். அதுங்க பூவ ஒதுக்கிட்டு சோளத்த மட்டும் பொறுக்குதுங்க, என் புகுந்த வீட்டு ஆளுங்க மாதிரியே. குடல்புழு மருந்தா? குடுத்தேன். ரெண்டு தடவ. இல்ல, மூணு. அளவெல்லாம் கண்ணளவுதான். ஓ, அந்தத் திட்டு அதனாலயும் இருக்கலாமா. சரி, நிறுத்திடறேன்.

மேய விடறதா? இல்லங்க. வீட்டுப் பக்கவாட்டுல சிமெண்டுத் தரை, அங்க வலை கட்டி அடைச்சு வெச்சிருக்கேன். மூணு மாசம் இருக்கும். முன்னாடி பின்பக்கத் தோட்டத்துல நாளெல்லாம் சுத்திட்டிருந்துச்சுங்க. புல்லுக்கு என்ன கொற, முழங்கால் உசரத்துக்கு வளந்து கெடக்கு. நாய் வராது, சுத்திச் செவுரு இருக்கு.

தொறந்து விட்டா ரெண்டு மூணு வாரத்துல நிறம் திரும்பிடும். தெரியும் டாக்டர். தெரிஞ்சுதான் உக்காந்து பூவக் காயவெச்சிட்டிருக்கேன்.

அந்தப் பின்பக்கக் கதவுக்கு நான் பூட்டுப் போட்டிருக்கேன். தோட்டத்துல தண்ணித்தொட்டி இருக்கு, தரையோட தரையா. எங்க பாப்பா அதுலதான் விழுந்துட்டா. நாலு வயசு. கோழி எங்க போனாலும் பின்னாடியே போவா. முட்டையக் கவுன்ல ஏந்திட்டு வருவா, படி ஏறறதுக்குள்ள ஒண்ண உடைச்சிடுவா. பெரிய முட்டை அப்பாவுக்கு, சின்னது எனக்கு. அது அவ போட்ட சட்டம்.

பரவால்லங்க, தண்ணியெல்லாம் வேணாம்.

முந்தின நாள்தான் அவரு தொட்டியக் கழுவி நிரப்பினாரு. தம்பிதான் சரியா மூடாம விட்டுட்டான்னு அவரோட அக்கா சொன்னாங்க, அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. இப்ப அவரும் அப்படித்தான் நம்பறாரு. மூடிக்கு மேல கல்லு வெச்சேனா இல்லையான்னு ஞாபகமே வரலங்கறாரு. சாப்பிட உக்காந்தா கையவே பாத்துட்டிருக்காரு. ஒரு நாள், இந்தக் கைதான்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். தட்ட எடுத்துட்டு உள்ள போயிட்டேன்.

அவரு வெச்சாரு டாக்டர். நல்லா மூடி, கல்லும் வெச்சாரு. நான்தான் எறக்கினேன். அன்னைக்குக் காலைல குழாய்ல தண்ணி வரல, கோழிங்க வெறுஞ் சட்டியக் கவுத்துக் கவுத்து வெச்சிட்டிருந்துச்சுங்க. அந்தக் கல்ல எடுத்துட்டுப் போயி சட்டிக்கு முட்டுக் குடுத்தேன். மூடியத் தொறந்து ஒரு வாளி மொண்டேன். அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கற வாசன. ஓடினேன். பொங்கினதத் தொடச்சு, பாத்திரத்தையும் கழுவி வெச்சிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

கல்லு இன்னும் அந்தச் சட்டி பக்கத்துலயேதான் இருக்கு. போயி எடுத்துடலாம்னு மூணு மாசமாப் பாக்கறேன், கால் போக மாட்டேங்குது. கதவத் தொறந்தா அவரு பாத்துடுவாரு.