மாயாண்டிக்கு நெஞ்சில் காத்து

பொம்மைக்குக் குரல் கொடுப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. தாதியர் மாணவிகள் பொம்மை நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பார்கள். விரிவுரையாளரான நான் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கும் கையுமாக உட்கார்ந்து நோயாளியாகப் பேசுவேன். அவர் பிழைப்பதும் போவதும் என் கணினியில்தான் இருக்கிறது.

என் நோயாளிகளிலேயே வாயாடி மாயாண்டி. அறுபத்திரண்டு வயது, சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "நெஞ்சுல காத்து அடைச்சிருக்கு லா மிஸ்ஸி. மின்யாக் தேச்சு விட்டு ஒரு கோப்பி ஓ குடு, வீட்டுக்குப் போறேன்" என்பார். பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சிரித்தபடியே வயிற்று மருந்து கொடுப்பார்கள். அவருக்கு வந்திருப்பது மாரடைப்பு. பத்தே நிமிடத்தில் ஆளை அனுப்பிவைத்துவிடுவேன். அதை நான் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு வருடத்தில் ஐந்து பேர் ஏமாறவில்லை. அவர்களிடமும் மாயாண்டி இறந்துபோனார். மறுதேர்வில் வேறு நோயாளியை வைத்து அவர்கள் தேறிவிட்டார்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

ஜோசலின் விஷயம் கொஞ்சம் வேறு. பதற்றத்தில் இரண்டு முறை தேர்வைக் கோட்டை விட்ட மாணவி. இது கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் படிப்பே போய்விடும். குலுக்கலில் அவளுக்கு மாயாண்டி விழுந்தார்.

அன்றைக்கு அவள் பதறவேயில்லை. நான் என்னென்னவோ குறும்பு பேசிப் பார்த்தேன். "காத்துன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க லா, ஐயா. மொதல்ல நெஞ்சப் பாத்துருவோம்" என்று பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது நிமிடம் ஈசிஜி எடுத்து, மாத்திரை கொடுத்து, டாக்டரையும் கூப்பிட்டுவிட்டாள். மாயாண்டி பிழைத்துக்கொண்டிருந்தார். துடிப்பை நிறுத்தினேன்.

இருபது நிமிடம் நெஞ்சை அழுத்தினாள். நான் துடிப்பைத் திருப்பித் தரவில்லை.

"மிஸ் ஷாமினி, நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று வெளியே வந்து கேட்டாள்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. சில பேரு போயிருவாங்க லா," என்றேன். தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அழுதுகொண்டே ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

நான் தட்டிய ஒவ்வொரு விசையையும் கணினி நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் கல்லூரிக் குழுவினர் நீங்கள் என்னை விசாரிக்கிறீர்கள். மறைக்க எதுவுமில்லை, சரியாக வைத்தியம் பார்த்த ஆறு பேரிடமும் துடிப்பை நான்தான் நிறுத்தினேன்.

மாயாண்டி யார் என்று கேட்கிறீர்கள். பதினோரு வருடத்துக்கு முன், நான் அவசரப் பிரிவில் தாதியாக இருந்தபோது வந்தவர். நெஞ்சில் காத்து என்றார். எங்கள் வீட்டிலும் எல்லா வலிக்கும் காத்து என்றுதான் பெயர், அதனால் சிரித்தேன். வயிற்று மருந்து கொடுத்து, அவசரமில்லாதவர்களின் நாற்காலியில் உட்காரவைத்தேன். வரிசை எண் சீட்டைப் பிடித்தபடியே அதே நாற்காலியில் போய்விட்டார்.

ஜோசலினைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல பெண். ஆனால் அவளுக்கு வேறு நோயாளியைக் கொடுங்கள். மாயாண்டியை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. அன்றைய மருத்துவமனை அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது, நானே எழுதியது.