கண்ணாடியை இறக்க வேண்டாம்

பழைய ஜீப் ஒன்று போடுகிற சத்தத்தில் முக்கால்வாசி எஞ்சினுடையது அல்ல. எல்லோரும் எஞ்சினைத்தான் திட்டுவார்கள், பாவம். அது தகரத்தின் சத்தம். தரைத்தகடு, கதவு, கூரை எல்லாம் சேர்ந்து ஒப்பாரி வைக்கும். இருபத்தாறு வருடமாக அந்த ஒப்பாரியை நிறுத்துவதுதான் என் தொழில். கொழும்பு பாமன்கடையில், கால்வாய்ப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் என் கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. சுமன் என்று கேட்டால் காட்டுவார்கள்.

பிளேன்டீக்கு நன்றி ஐயா. தமிழில் சொல்ல விட்டதற்கும் நன்றி. சிங்களத்தில் சாமான் வாங்குவேன், ட்ராஃபிக் பொலிசோடு சண்டையும் பிடிப்பேன். ஆனால் இதைச் சொல்கிற அளவுக்கு வராது. நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை.

போன பங்குனியில் நீங்கள் விபத்து என்று எழுதி மூடிய பொலிஸ் கோவையைப் பற்றித்தான் வந்தேன். கிருலப்பனைப் பக்கத்து ரயில் கடவையில் என் அக்கா நாகேஸ்வரியும், அக்காவின் கணவர் பொன்னம்பலம் அத்தானும் செத்த விபத்து. அந்த ஜீப்பின் உள்வேலை முழுக்க என்னுடையது என்று அன்று சொன்னேன். நீங்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள். பிரேக் திறமாக இருந்தது. நான் அதில் கையே வைக்கவில்லை.

அத்தான் ஓய்வுபெற்ற நில அளவையாளர். காடு மேடெல்லாம் சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் வாங்கிய ஜீப், நாற்பது வருடத்துக்கு மேல் அவரோடு இருந்தது. வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில். உப்புக்காற்று வண்டியை விடுமா? போன தையில் கராஜுக்குக் கொண்டுவந்தபோது, சாரதி கால் வைக்கிற இடத்தில் இரும்பைக் கறள் தின்று ஓட்டை விழுந்து ரோட்டே தெரிந்தது. சீற்றைக் கழற்றி, பழைய தார்விரிப்பைச் சூடு காட்டி உரித்து, மெஷினில் கம்பிச் சில்லுப் போட்டு இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தேன். ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகடு வைத்து ஒட்டினேன். கறளைத் தின்னும் மருந்து, அதற்கு மேல் இரண்டு பூச்சு. கதவுப் பொந்துகளுக்குள் மெழுகு அடித்தேன். அது காய்ந்த பிறகுதான் சத்தத்துக்கு வேலை. தார்ரப்பர் விரிப்பை ஒட்டி உருளையால் அழுத்த வேண்டும், உள்ளே ஒரு காற்றுக் குமிழ்கூட நிற்கக் கூடாது. மேலே பஞ்சு, அதற்கு மேல் தடித்த ஃபெல்ட். கதவு ஓரங்களுக்குப் புது ரப்பர். முடிந்தபின் விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பேன். முன்பு டங் என்றது, பிறகு தப் என்றும் சொல்லாது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. செத்தவர்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

ஏன் அவ்வளவு கவனம் என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்களோ? சரி, நானே சொல்கிறேன்.

அதற்கு இரண்டு வருடம் முந்தி என் அம்மா அக்கா வீட்டில் செத்தார். ஒரு வெள்ளிக்கிழமை விடிய. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரின் ஜீப் வேலையில் நின்றேன். பத்தரை மணிக்குத்தான் எனக்குச் செய்தி தெரியும். அதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. அடுத்த நாள் சனி, சனியில் எடுத்தால் வீட்டுக்கு ஆகாது, ஆகவே அன்றே நாலு மணிக்கு எடுப்பது என்று அத்தான் சொல்லி, ஊருக்கெல்லாம் அறிவித்தும் ஆயிற்று. நான் ரயிலில் மாங்குளம் தாண்டி வந்துகொண்டிருந்த நேரம் கனத்தை மயானத்தில் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தது அக்காவின் மகன் லவன். பெற்ற தாய்க்கு ஒரே ஒரு ஆண்பிள்ளை நான். வந்து இறங்கியபோது வீடு கழுவித் தரையும் காய்ந்திருந்தது.

“என்னடாப்பா செய்யிறது, சனி முன்னால நிண்டுது” என்றார் அத்தான். “நான் உனக்கு...” என்று வேறு ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். அதன் பிறகு அந்தக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பெருநாள் திருநாளுக்குப் போனேன், சாப்பிட்டேன், சிரித்தேன். ஆனால் ஐயா, சாம்பலை ஒரு மண்முட்டியில் போட்டுக் கையில் தந்தார்களே, அந்த முட்டியின் சூடு இன்னும் இந்த உள்ளங்கையில் இருக்கிறது. வைத்திருக்கட்டுமா, எடுக்கட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

இனிக் கடவைக்கு வருகிறேன். புதனும் சனியும் காலை பத்து மணிபோல அத்தான் கரம் போர்ட் விளையாடப் போவார். அவருடைய சிநேகிதர் பலீல் ஹாஜியாரின் வீடு தண்டவாளத்துக்கு அப்பால். அந்த ஒழுங்கையில் கேட் இல்லை, மணி இல்லை. மூன்று மொழியிலும் ஒரு பலகை மட்டும் உண்டு: நில், பார், கேள். இடது பக்கம் உயரமான மதில், ஜீப்பின் மூக்கு தண்டவாளத்தில் ஏறினால்தான் ரயில் கண்ணில் படும். ஆகவே பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அத்தான் நிற்பார், எஞ்சினை நிறுத்துவார், இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு அரை நிமிடம் காது கொடுப்பார். பின்னால் நிற்கிற திரீவீல்காரன் ஹோர்ன் அடித்துக் கத்துவான். இவர் அசைய மாட்டார். ஒரு தடவை நானும் கூட இருந்தேன். பலகையைக் காட்டி, “கேள் எண்டு போட்டிருக்கிறாங்கள். ஆரிட்டைக் கேக்கிறது, ரயிலிட்டையோ?” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது.

வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். கடவைக்குக் கொண்டுபோனேன். எஞ்சின் ஓட, கண்ணாடி பூட்டி, ஏசியைப் போட்டுக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். ஏசி நான் புதிதாகப் பூட்டியது, அத்தானுக்கு என் அன்பளிப்பு. பத்தேகால் ரயில் வந்தது. எதிர்ப்பக்கத்தில் குடையோடு நின்ற ஒரு அம்மா இரண்டு காதையும் பொத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதலில் சீற்றுக்குக் கீழே ஒரு நடுக்கம், மறுகணம் கண்ணுக்கு முன்னால் பெட்டிகள். அப்படி மூன்று நாள் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் போனால் தொழில். மூன்று நாள் போனால் அதற்குப் பெயர் என்னவென்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

வண்டியைக் கொடுக்கும்போது அத்தானிடம் இரண்டு விஷயம் சொன்னேன்.

“அத்தான், நாலு மாசத்துக்குக் கண்ணாடியை இறக்க வேண்டாம். ஈரக்காத்து உள்ள போனா ஃபெல்ட் குடிச்சுப் போடும். பிறகு கீழ திரும்பவும் கறள்தான்.”

“அப்ப கடவையில என்னெண்டு கேக்கிறது?”

“எஞ்சின் சத்தமே இல்லையே. நிப்பாட்டவும் தேவையில்லை. அப்பிடியே நிண்டீங்களெண்டா ரயில் வாறது தெளிவாக் கேக்கும்.”

முதலில் சொன்னது உண்மை. எந்தத் தொழில்காரனிடமும் விசாரித்துப் பாருங்கள். இரண்டாவது பொய். அத்தான் ஸ்டியரிங்கில் கையை வைத்தார். “நீ சொன்னாச் சரி. உன்ர தொழில், உனக்குத்தானே தெரியும்” என்றார். என்னிடம் ஒன்று கேட்டு அதன்படி நடப்பது என்று அவர் முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

புதன், சனி, புதன், சனி. நாலு முறை போய் வந்தார். அந்த நாட்களில் பத்தேகாலுக்குக் கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். சில நாள் ரயில் பிந்தும், சில நாள் அத்தான் முந்திவிடுவார். நான் எதையும் தள்ளிவிடவில்லை, இழுக்கவுமில்லை. ரயிலுக்கும் அவருக்கும் நடுவில் நான் ஆர்?

ஐந்தாவது, ஒரு புதன்கிழமை. காலை ஒன்பதரைக்கு அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

“தம்பி, இண்டைக்கு நானும் அவரோட போறன். லுத்பியா வட்டலப்பம் செய்து வைச்சிருக்கிறாவாம், வரச்சொல்லி ஒரே கரைச்சல்.”

லுத்பியா என்பவர் பலீல் ஹாஜியாரின் மனைவி. அக்கா நிறுத்தவில்லை.

“முந்தி அந்தச் சனியனில ஏறினா எனக்கு ரெண்டு நாளைக்குத் தலையிடி. இப்ப கோயிலுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கடா. பக்கத்தில இருந்து ஆறுதலாக் கதைச்சுக்கொண்டு போகலாம். உன்ர விசயமும் அவரோட கதைக்க வேணும். எத்தினை நாளைக்கு ரெண்டு பேரும் உப்பிடி மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிவியள்?”

அக்கா அந்த ஜீப்பில் ஏறவே மாட்டாள் ஐயா. அதை நம்பித்தான் இருந்தேன். சத்தம் அவளுக்கு ஆகாது. அந்தச் சத்தத்தை எடுத்தவன் நான். கண்ணாடியை இறக்கிக் கேளுங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும், வாயைத் திறந்தால் முடிந்தது. உருளை கையில் இருந்தது. வேறொரு வண்டியின் ஃபெல்ட் பசை காய்ந்துகொண்டிருந்தது. “ஓம் அக்கா, போயிட்டு வாங்கோ” என்றேன். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அம்மாவுக்குப் பிறகு எனக்குச் சோறு போட்டுத் தந்தவள்.

மரண விசாரணையில் பலீல் ஹாஜியார் அழுதுகொண்டே சொன்னது உங்கள் கோவையிலும் இருக்கும். “ஹோர்ன் சத்தம் எங்கட ஊட்டுக்குள்ளயே காதைப் பொளந்திச்சு. அந்த மனுசனுக்கு எப்புடிக் கேக்காமப் போச்சு?” அத்தானுக்கு அறுபத்தெட்டு வயது, காது மந்தமாகியிருக்கும் என்று ஆரோ சொன்னார்கள். அதோடு சரி. அங்கேயும் என்னைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

லவன் இப்போது மெல்பேர்னில். அவன் வரும்வரை நாலு நாள் இரண்டு பேரையும் வைத்திருந்தேன். நடுவில் சனிக்கிழமை வந்தது, வரட்டும் என்று விட்டேன். என்ன சேலை, எந்த ஐயர், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றையும் அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். “மாமா, நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்” என்று என் தோளில் சாய்ந்து அழுதான். ஒரு செத்தவீட்டை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவனுக்குக் காட்டினேன்.

பிறகு உங்கள் ஸ்டேஷன் வளவுக்கு வந்து ஜீப்பைப் பார்த்தேன், நினைவிருக்கும். இடது பக்கம் முழுக்கக் கசங்கிப் போயிருந்தது. தரையில் கையை விட்டுத் தடவினேன். ஃபெல்ட் காய்ந்தபடியே இருந்தது. கறள் ஒரு பொட்டு இல்லை. நான் சொன்னபடி அத்தான் கண்ணாடியை இறக்கவே இல்லை.

ரயில் சத்தம் என்னைத் துரத்தும் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்காக கராஜுக்கு மேலே உள்ள என் அறையை நாலு சுவரும் கூரையும் கதவும் விடாமல் விரிப்பும் ஃபெல்ட்டும் போட்டு அடைத்தேன். பகலில் கதவைச் சாத்தினால் ரோட்டில் போகிற பஸ்கூடக் கேட்காது. ரயில் வரவில்லை ஐயா, ஒரு நாளும் வரவில்லை. வருவது வேறு. ஆணியில் மாட்டின சட்டையின் பையில் போன் அதிர்கிற சத்தம். ர்ர், ர்ர் என்று. எழும்பிப் பார்த்தால் ஆணியில் சட்டை இருக்காது. கொட்டாஞ்சேனையில் ஒரு காது டொக்டரிடம் போனேன். காது திறமாக இருக்கிறது, சின்னப் பிள்ளையின் காது மாதிரி என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால்தான் இங்கே வந்தேன்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும், விட்டுவிட்டேன். அம்மா செத்த அந்த வெள்ளிக்கிழமை, வெயில் ஏற முந்தி வேலையைத் தொடங்கியிருந்தேன். டொக்டரின் ஜீப்புக்குள் குந்தியிருந்து, காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, கம்பிச் சில்லால் கறள் தேய்த்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தேன். போன் சட்டைப் பையில். பத்தரைக்கு வெளியே வந்து பார்த்தபோது, ஆறு ஐம்பதிலிருந்து ஒன்பது மணி வரை ஏழு அழைப்பு. ஏழும் அத்தானுடையது. அந்தப் போன் இப்பவும் மேசையின் இழுப்பு லாச்சியில் கிடக்கிறது, பற்றரி வீங்கிச் செத்துவிட்டது. லவனுக்கு இது தெரியாது.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். உண்மையாகக் கேட்க நினைத்த மனிதன் எட்டாவது தடவையும் அழைத்திருப்பார். எழுதுங்கள் ஐயா, நான் கையெழுத்து வைக்கிறேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.