பிளேன்ல வராதே, அண்ணா

"ஹலோ... ஆமாம், டாக்குரியாதான்... குடுங்கோ, குடுங்கோ... அண்ணாவா? நாகுதான் பேசறேன்."

மெட்ராஸிலிருந்து கல்கத்தா டாக்குரியாவுக்கு டிரங்க் கால். நாகலக்ஷ்மி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, எதிரே நின்ற பட்டுவைப் பார்த்தாள். பட்டு, அண்ணா பட்டாபிராமனின் பெண். அத்தை வீட்டில் தங்கி பாங்கு வேலைக்குப் போகிறவள். நாளை சாயங்காலம் அவளுக்கும் வங்காளிப் பையன் தீபங்கருக்கும் ரிஜிஸ்தர் கல்யாணம். அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் அத்தையும் அவளும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னது... யார் சொன்னா?... எங்காத்துக்காரரேவா?... ம்... ஆமாம், நாளைக்குத்தான்... கிளம்பி வரியா?... எதுல, பிளேன்லயா?"

பட்டுவின் முகம் வெளுத்தது. ரயில் என்றால் இன்று ராத்திரி ஏறினாலும் அவர் ஹவுராவில் இறங்குவதற்குள் மாலை மாற்றி முடிந்துவிடும். பிளேன் என்றால் நாளைக் காலையிலேயே வாசலில் நிற்பார். நாகலக்ஷ்மி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"வேண்டாம், அண்ணா... கேளு. ரெண்டு மணி நேரம்னு அவா சொல்லுவா. மேகம் வந்தா மேலேயே சுத்திண்டிருப்பா... ஆமாம்... ஆமாம். வழி பூரா சமுத்திரம். எத்தனை மைலோ அத்தனையும் தண்ணி... ஓரமா இறக்கச் சொல்லுவியா? ஓரம் எங்கே இருக்கு?... காதுதானே, அடைச்சுக்கும். எங்க மாடிவீட்டு பெங்காலி மாமி, அந்த மாசிமா, பிளேன்ல வந்ததுலேர்ந்து நாம பேசறது அவ காதுலயே விழல்லே... அதான் சொல்றேன், மெயில்லயே வா. காலை நீட்டிண்டு, கோதாவரியைப் பாத்துண்டு..."

அண்ணா ரயிலுக்குச் சம்மதித்துவிட்டார். பட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெயித்த தெம்பில் நாகலக்ஷ்மி மன்னியை விசாரித்தாள்.

"மன்னி எங்கே?... என்ன சுத்திண்டிருக்கா?... சீர் முறுக்கா?... யார் கல்யாணத்துக்கு, அண்ணா?"

பதிலைக் கேட்டதும் நாகலக்ஷ்மி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நம்ம பட்டுவுக்கேவா?... இல்லே, நீ குதிப்பேன்னு நெனச்சு... ஆமாம், தப்புதான்... மீன் திங்கறவன்தான், மறைக்கல்லே... அதையும் சொல்லிட்டாரா?... சரி, சரி... அண்ணா, மெயில் வேண்டாம். பிளேன்லயே வா... ரெண்டே மணி நேரம். ஒரு காப்பி குடிச்சுட்டு நிமிர்ந்தா டம்டம் ஏரோடிரோம்... மாசிமாவா? அவளுக்கு இருபது வருஷமாவே காது மந்தம்... தூரம் எப்படிக் குறைஞ்சுதா? சண்டைக்கு வரவாளுக்குத் தூரம் ஜாஸ்திதான்... சிரிக்கறயா? சிரி, சிரி... நானும் பட்டுவும் டம்டம்ல வந்து நிக்கறோம்... இன்னும் யாரை அழைச்சுண்டு வரணும்?... என்ன சொன்னே?... இரு, அதை இன்னொரு தரம் சொல்லு."

அவள் எட்டி, ரிசீவரைப் பட்டுவின் காதில் வைத்தாள்.

லைன் அறுந்துவிட்டது. ஆனால் அதற்குள், 'மாப்பிள்ளையை' என்று அப்பா சொன்னதைப் பட்டு கேட்டுவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.