மாட்ச் நாள் கஞ்சி

வல்லாரையை அரைத்து ஊற்றிய பிறகு கஞ்சியை அதிக நேரம் கொதிக்க விடக் கூடாது. நிறம் செத்துவிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வருடக்கணக்காகச் சமைக்கிறேன். இந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மொழிபெயர்க்கிற தங்கச்சி, இதையும் அந்தப் பொலிஸ் ஐயாவுக்குச் சொல்லுங்கள். தேவையில்லாத கதை என்று அவர் நினைப்பார். தேவை இருக்கிறது.

முதலில் ஒன்று. வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிற டெனிஸ்டனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என் மகனின் இரத்தத்தில் இருந்த நித்திரை மருந்தை அவன் கொடுத்ததாக நினைக்கிறீர்கள். அவன் என் மகனோடு ஒரே அணியில் விளையாடிய பிள்ளை, ஒரு பாவமும் அறியாதவன். கொடுத்தது நான்.

என் பெயர் மடுத்தீன், ஊர் மன்னார். மகன் ஸ்ரீபன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடமே என் மனைவி மரியநாயகி நோயில் போய்விட்டாள். அன்றிலிருந்து மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை வீட்டில் அவனும் நானும்தான். அவள் போன பிறகு எனக்குச் சரியாக நித்திரை வருவதில்லை. டொக்டர் தந்த நித்திரைக் குளிசைகள் எப்போதும் வீட்டில் இருக்கும்.

பல்கலைக்கழகம் போனவன் அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்தான். பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவான். மற்றவர்கள் மாடு மாதிரி வந்து முட்டி விழுத்துவார்கள். கடைக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். "என்ன மடுத்தீன் அண்ணை, மோட்டச்சைக்கிள் இல்லாமலே உங்கட பெடியன் ஹெல்மெட்டோட திரியிறான்?" நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமைதான். அணியில் அவன்தான் வேகமானவன்.

மாட்ச்கள் ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறுதான் எனக்கு லீவு. முன்பு இரண்டு பேரும் பூசைக்குப் போய், வரும் வழியில் ஆட்டிறைச்சி வாங்கி, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவோம். சீசன் தொடங்கியதும் அந்த நாள் என்னிடமிருந்து போய்விட்டது. நான் குறை சொல்லவில்லை. மாட்ச் நாள் காலையில் வல்லாரைக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பேன். என் கையால் வாங்கிக் குடித்து, நெற்றியில் சிலுவை போடச் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடுவான்.

முதல் மாட்ச் மழைச் சேற்றில் நடந்தது, தோற்றார்கள். அன்றைக்கு அவர்களுடைய பெடியன் ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அவனைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். எந்தத் தகப்பனுக்கும் பயம் வரும்தானே. அடுத்த மாட்சுக்குக் கஞ்சியில் அரைக் குளிசை கரைத்தேன். வல்லாரைக் கசப்பில் அது தெரியாது. ஸ்ரீபன் மந்தமாக ஓடினான். கோச் அவனை வெளியே இருத்திவிட்டார். அணி மறுபடியும் தோற்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தான்.

"எனக்கு என்ன நடக்குதெண்டே தெரியேல்லையப்பா," என்று அழுதான். "கால் ரெண்டும் சொல்லுக் கேக்குதில்லை."

"களைப்பு மோனே. உடம்பு ஓய்வு கேக்குது. பேசாமல் இஞ்சை படு," என்றேன். சின்ன வயதில்போல என் மடியில் தலை வைத்துப் பின்னேரம் முழுக்கத் தூங்கினான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

அதற்குப் பிறகு சில மாட்ச்களுக்குக் கொடுத்தேன், சிலதுக்கு விட்டேன். நான் விட்ட நாட்களில் வென்றார்கள். வென்றால் மறுநாள் முழு அணியும் எங்கள் கடைக்குக் கொத்துரொட்டி சாப்பிட வரும்; அப்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் ஆசை. அந்த அணியின் சீசன் மைதானத்தில் நடந்ததைவிட என் அடுப்படியில் நடந்தது அதிகம். பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் இறுதி மாட்ச் வரைக்கும் வந்தார்கள்.

அதற்கு முந்தின கிழமை அவன் துள்ளிக்கொண்டு வந்தான். "அப்பா, என்னைப் பாக்கக் கனடாவிலயிருந்து ஒரு கோச் வாறார். பிடிச்சால் அங்கை யூனிவர்சிட்டியில எடுப்பினமாம்."

நல்லது மோனே என்றேன். என் தங்கைகள் இரண்டு பேரும் கனடாவில்தான். இப்போது போனில் தெரிகிற முகங்கள். கனடாவுக்குப் போன ஒருவர் திரும்பி வந்து நம்மோடு இருந்ததை நான் கண்டதில்லை.

அன்று காலை கஞ்சியில் இரண்டு குளிசை போட்டேன். அடிபடக் கூடாதே என்ற பயம்தான். தங்கச்சி, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? நான் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

கோச் வழக்கம்போல அவனை வெளியே இருத்துவார் என்று நினைத்தேன். இறுதி மாட்ச் என்பதால் அவர் இருத்தவில்லை. ஸ்ரீபன் பந்தோடு ஓடினான். பக்கத்தால் வந்தவனைக் கடைசிவரை காணவில்லை. குனிந்த தலையோடு போய் மோதினான். விழுந்தவன் எழும்பவில்லை. கழுத்துக்குக் கீழே இன்றைக்கும் ஒன்றும் அசைவதில்லை.

ஆஸ்பத்திரியில் டெனிஸ்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அங்கிள், அவன் மாட்சுக்கு முதல் நாள் தொடங்கி ஒருசந்தி விரதம் இருந்தவன். உங்கட கையால தந்த கஞ்சியை மட்டும்தான் குடிச்சவன். கனடா கிடைச்சால் உங்களையும் கூட்டிக்கொண்டு போகவேணுமெண்டு தாயை நினைச்சு நேர்த்தி வைச்சவன்."

வெறும் வயிற்றில் அந்தக் குளிசை எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். அவன் வெறும் வயிற்றில் இருந்ததுதான் தெரியாது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவருக்கொருவர் மறைக்க அப்படி என்ன இருக்கிறது.

கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அழாத நாள் இல்லை. அவன் கால்களுக்கு எண்ணெய் பூசும்போது, எப்படி ஓடிய கால்கள் என்று நெஞ்சு வெடிக்கும்.

இப்போது அவன் வீட்டில்தான். பகலில் ஒரு நர்ஸ் பிள்ளை வருகிறாள், இந்த நேரத்திலும் அவள்தான் பக்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையைத் தொலைக்காட்சியில் இரண்டு பேரும் ஒன்றாகப் பார்க்கிறோம். அவனோடு நிறையப் பேசுகிறேன். அவன் ஒன்றும் பேசுவதில்லை, களைப்பு. வல்லாரைக் கஞ்சியைக் கொண்டுபோனால் மணத்துக்கே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வாயை இறுக்கிக்கொள்கிறான். மருந்துகளால் நாக்குக் கெட்டிருக்கும். அவள் கொடுக்கிற சூப்பை மட்டும் மடமடவென்று குடிக்கிறான். வெளியாளுக்கு முன்னால் அடம்பிடிக்கக் கூச்சமாக்கும்.

இவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். கொஞ்சம் கெதியாக முடிக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. போய்க் கஞ்சி வைக்க வேண்டும். என் கையால் கொடுத்தால்தான் அவன் குடிப்பான்.