மூன்றாம் பக்கத்தைத் தாண்டாதவர்

நீங்கள் கொடுத்த தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. குரல் தொழிலில் இருப்பவர்களுக்கு இனிப்பு ஆகாது, தொண்டையில் கோழை கட்டிவிடும். அதனால்தான் பாதியில் வைத்துவிட்டேன். பயத்தில் வைத்ததாக உங்கள் ஏட்டு நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. நான் முகம் காட்டாத நடிகை. சலவைத்தூள் விளம்பரத்தில் பூரித்துப்போகும் குடும்பத்தலைவி, கார்ட்டூனில் ஓயாமல் சண்டை போடும் வாத்து, வங்கிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்தச் சொல்லும் பெண், எல்லாரும் நான்தான். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்களே, எங்கள் தொழில் முழுக்க அதுதான். விளம்பரத்துக்கு நிஜமாகவே சிரித்துக்கொண்டு பேச வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வாத்துக்கு மூக்கும் வேகமும் போதும். வங்கிப் பெண் மட்டும் எதற்கும் அசையக்கூடாது, ஏனென்றால் அவளிடம் எல்லாரும் கோபமாகத்தான் வருகிறார்கள்.

இவற்றிலெல்லாம் கஷ்டமானது தூக்கக் கதை. தூக்கம் வராதவர்கள் போனில் போட்டுக் கேட்பது. கதை மனதைப் பிடித்து வைக்க வேண்டும், ஆனால் அடுத்து என்ன என்று கேட்க வைக்கக்கூடாது. ஆரம்பத்தில் சாதாரணப் பேச்சு வேகம். பிறகு வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைவது தெரியாமல். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் கீழே இறக்கி வைக்க வேண்டும், தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் வைப்பதுபோல. கொஞ்ச நேரத்தில் கேட்கிறவரின் மூச்சு உங்கள் மூச்சோடு சேர்ந்துகொள்ளும். அதற்குமேல் வண்டி உங்கள் கையில்.

என் கதைகளைப் பரிசோதிக்க எனக்கு வீட்டிலேயே ஆள் இருந்தார். என் கணவர். சோபாவில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுவேன். மூன்றாம் பக்கத்தை அவர் தாண்டியதே இல்லை. கதையில் படகுக்காரன் துடுப்பை உள்ளே எடுத்து வைப்பான், இவர் வாயைத் திறந்துவிடுவார். எந்த வரியில் தலை சாய்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை இன்னும் மெருகேற்றுவேன். கும்பகர்ணனைக் கட்டிக்கொண்டதில் எனக்கு இருந்த ஒரே லாபம் அது.

அவர் நல்ல மனிதர். குழாய் கம்பெனியில் விற்பனையாளர். காரின் பின்னிருக்கை முழுக்கக் குளியலறைக் குழாய்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போவார். என் நாத்தனாரைக் கேளுங்கள், என் அண்ணன் தங்கம் என்பார். தங்கம்தான். ஆனால் அந்தத் தங்கம் கதவைத் தட்டாமல் திறக்கும்.

எங்கள் வீட்டில் நான் பதிவு செய்யும் இடம் படுக்கையறைத் துணி அலமாரி. உள்ளே கம்பளிகளும் கோட்டுகளும் தொங்குவதால் எதிரொலி வராது. உள்ளே ஸ்டூல், மைக், ஒரு சின்ன விளக்கு. நான் அழுகிற காட்சியின் உச்சத்தில் இருப்பேன். கதவு திறக்கும்.

"ஏம்மா, என் சாக்ஸ் எங்க?"

அழுதுகொண்டே எடுத்துக் கொடுப்பேன். அவரும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள்கூட நான் ஏன் அழுகிறேன் என்று கேட்டதில்லை. வேலைதானே என்று தெரியும், உண்மைதான். ஆனாலும் ஒரு மனுஷன் கேட்கமாட்டாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய நாவலை முழுவதும் ஒரே ஆள் பேசிப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு நிறுவனம் தேடியது. ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து வர வேண்டும். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வாய்ப்பு எல்லாருக்கும் வராது. எனக்கு வந்தது. இயக்குநர் அம்மாள் போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். இவர் எடுத்திருக்கிறார். சாப்பிடும்போது சொன்னார்.

"யாரோ ஒரு மேடம் பேசினாங்க. ஏதோ புக்கு படிக்கணுமாம். அவளால முடியாதுங்கன்னு சொல்லிட்டேன். எனக்குத்தான் ப்ரமோஷன் வருதே, ஊரு மாறணும்ல. அங்க போயி நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு. எத்தன நாள்தான் அலமாரிக்குள்ளயே உக்காந்திருப்ப?"

நான் திரும்பக் கூப்பிட்டபோது வேறொரு பெண்ணிடம் பேசி முடித்திருந்தார்கள். அவள் நன்றாகத்தான் பேசுவாள், கொஞ்சம் அவசரக்காரி. எனக்கு அன்று வயிறு எரிந்தது. இவரிடம் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் மூன்றாம் பக்கம்தான் அவர் எல்லை.

எனவே யோசித்தேன். நிதானமாகவே யோசித்தேன். செவ்வாய்க்கிழமைகளில் அவர் தொழிற்சாலைப் பக்கம் போவார். அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் கிளம்புவார். சாலை கோடு போட்டதுபோல நேராகப் போய், பாலத்தருகே திரும்பும். அந்த நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதை நான் முதலிலேயே கவனித்துக்கொண்டேன். அதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

திங்கட்கிழமை அலமாரிக்குள் போய், படகுக்காரன் கதையை அவருக்கென்றே மறுபடி பேசினேன். தொடக்கத்தை இன்னும் கலகலப்பாக்கினேன். அவர் கிளம்பி நேர்ச்சாலைக்கு வரும்வரை கதை குஷியாக ஓட வேண்டும். பிறகு மெல்ல மெல்ல இறக்கினேன். துடுப்பை உள்ளே வைக்கும் இடத்தில், தூக்கக் கதை நிறுவனத்துக்கு அனுப்பிய பிரதியில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன். "இனி நீங்க கண்ண மூடிக்கலாங்க." வீட்டில் அவரோடு பேசுகிற குரலில். நல்ல நடிகைக்கு இப்படிப்பட்ட மலிவான உத்தி தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு அந்த வரியை நீங்கள் பிடித்தது கெட்டிக்காரத்தனம். கேட்கும்போது உங்கள் ஏட்டு மேசையிலேயே தூங்கிப்போனார் என்றீர்களே, அதற்கு நன்றி.

மறுநாள் மதியம் போனில் கூப்பிட்டேன். "ஏங்க, ஒரு கதை அனுப்பியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும். எங்கயாச்சும் இரைச்சல் இருக்கான்னு வண்டியில போட்டுக் கேட்டுட்டு வாங்களேன்."

"சரிம்மா, இப்பவே போடறேன்," என்றார்.

பிறகு நான் ஸ்டுடியோவுக்குப் போய் வாத்துக்குப் பேசினேன். அன்று வாத்து அருமையாக வந்தது. வெளியே வந்து போனைப் பார்த்தால் நாத்தனார் பலமுறை கூப்பிட்டிருந்தார். கார் பாலத்துச் சுவரில் மோதியிருக்கிறது, பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார்கள். நான் அழுதேன், மேடம். நிஜமாகவே அழுதேன். பொய்யழுகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதில் மூக்கு ஒழுகாது.

ஆக, செய்தது நான்தான். விபத்து இல்லை, விதி இல்லை, வண்டியில் கோளாறு இல்லை. அவர் ஓட்டிக்கொண்டிருப்பார் என்று தெரிந்தே, அவர் தூங்க வேண்டும் என்றே பேசினேன். இவ்வளவுதான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் இப்போது அவருடைய போனிலிருந்து எதையோ போட்டுக் காட்டினீர்களே, அதைப் பற்றி மட்டும் பேச வேண்டும். அன்று அவர் எனக்கு அனுப்பிய குரல் செய்தி. என் போனிலும் வந்திருந்தது, இதுவரை நான் திறக்கவில்லை.

"ஏம்மா, முழுசாக் கேட்டுட்டேன். தூக்கம் சொக்குச்சு, கன்னத்துல அறைஞ்சுகிட்டுக் கேட்டேன், நீ சொல்லிட்டியேன்னு. நல்லா இருக்கு. ஒரே ஒரு எடத்துலதான், கண்ண மூடிக்கலாங்கன்னு வருதே, அதுக்கு முன்னாடி நீ எச்சி முழுங்குற சத்தம் கேக்குது. தொண்டை சரியில்லையா? அழுதியா? வரும்போது மாத்திரை வாங்கிட்டு வரேன். இரு, இன்னொரு தடவ போட்டுக் கேட்டுட்டுச் சொல்றேன்."

இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் போயிருக்கிறார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது தவறு. மூச்சு, விழுங்கல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் நான் அனுப்புவேன். நீங்கள் அந்த இடத்தை எனக்காகத் திரும்பத் திரும்பப் போட்டீர்கள். உங்களுக்குக் கேட்கிறது என்கிறீர்கள், ஏட்டுக்கும் கேட்கிறதாம். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை.