திரும்பி உக்காந்த பாறை

இது ரோடு வர்றதுக்கு ரொம்ப முந்தி. காரேந்தல்னு ஒரு ஊரு. கண்மாய்க்கு மேற்கால பத்து வீடு, பத்து வீட்டுலயும் செம்மறி ஆடு. அந்த ஊருக்கு அங்காயின்னு ஒரு பொண்ணு வாக்கப்பட்டு வந்துச்சாம்.

கல்யாணமாகி இருபதே நாளு. இருபத்தோராம் நாளு புருசன் உடையணன் ஆட்டைப் பத்திக்கிட்டுக் கெழக்க கெளம்பிட்டானாம். தையில போனா, அறுத்த வயல்ல உரத்துக்கு ஆட்டை அடைச்சுக் கெடை போட்டுட்டு, மழை எறங்குற ஐப்பசியிலதான் திரும்புவாக. அதான் அந்த ஊர் வழக்கம்.

போறப்ப ஒரு நாய்க்குட்டியக் கையில குடுத்தானாம். "இது கூப்பிட்டா வரணும். கூப்பிட்டு வராத நாயி கெடைக்கு ஆகாது, ஊரான் ஆட்டக் கடிச்சு வச்சிரும். ஆடிக்குள்ள பழக்கி வையி. ஆள் அனுப்புறேன். குட்டியோட நீயும் வந்துரு."

குட்டி பழகுனா புருசங்கிட்டப் போலாம். பழகலைன்னா ஐப்பசி வரைக்கும் காத்துக் கெடக்கணும். அம்புட்டுத்தான் கணக்கு.

ஆனா அங்காயிக்குச் சத்தமே வராதாம். மருமக சத்தம் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு இருந்த காலம். மாமனார் வீரணன் வேற வாசல்லயே உக்காந்திருப்பாராம். அதனால கம்பஞ்சோத்தை உருண்டை பிடிச்சு வச்சுக்கிட்டு, வாய்க்குள்ளயே கூப்பிடுமாம். "தோ… தோ…"

பக்கத்து வீட்டு வெள்ளச்சி சிரிப்பாளாம். "என்னடி, நாய்க்கு ரகசியம் சொல்றியா? அதுக்கே காது கேக்கல, கெழக்க இருக்கிறவனுக்கா கேக்கப் போகுது?"

அங்காயி மொத நாளு அடுப்படியில இருந்து கூப்பிட்டுச்சாம், வந்துச்சாம். மறுநாளு படியில இருந்து கூப்பிட்டுச்சாம், வந்துச்சாம். அப்புறம் ஆட்டுப் பட்டியில இருந்து, அப்புறம் பனைமரத்துக்கிட்ட இருந்து. வந்தா ஒரு உருண்டை, ஒரு தடவல். மெதுவாக் கூப்பிட்டதுனால குட்டியும் காதைத் தூக்கிக் கேட்டுப் பழகிருச்சாம். கண்மாய்க் கரையில நின்னு உதட்டை அசைச்சாப் போதும், ஓடியாருமாம்.

ஆடி பொறந்துச்சு. ஆளும் வந்துட்டானாம். "நாளைக்கு விடிய கெளம்பணும். பெரியவரு முன்னால நீங்க கூப்பிட்டு நாயி வந்தாக் கூட்டியாரச் சொன்னாரு ஒங்க வீட்டுக்காரரு."

அன்னைக்குன்னு பாருங்க. உடையணன் விட்டுட்டுப் போன தலைத்துண்டு ஒண்ணு இருந்துச்சு. அங்காயி அதைத் தொவைக்கவே இல்லையாம். தொவைச்சா ஆட்டு வாசமும் அவன் வாசமும் போயிருமேன்னு. ஆறு மாசமா அதத் தலைக்கு வச்சுத்தான் படுத்திருக்கு. குட்டி அந்தத் துண்டை இழுத்துட்டுப் போயி நார் நாராக் கிழிச்சுப் போட்டுருச்சாம்.

அங்காயிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சாம். வெளக்குமாத்தை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, "தோ… தோ…"ன்னு கூப்பிட்டுச்சாம். குட்டி வாலை ஆட்டிக்கிட்டே ஓடியாந்துச்சாம். வந்த குட்டிய ஒரே போடு.

ஒரு அடிதான். மறுநாள் விடியல்ல மாமனார் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, வந்த ஆளு கம்போட நிக்கிறான். அங்காயி கூப்பிடுது. "தோ… தோ…" குட்டி பத்தடி தள்ளி நிக்கிது. கூப்பிடுது. நிக்கிது. சோத்தைக் காட்டுது. நிக்கிது.

"கூப்பிட்டா வராத நாயக் கொண்டு போயி என்ன செய்ய?"ன்னாராம் வீரணன். வந்த ஆளு தனியாத் திரும்பிப் போயிட்டான். கண்மாய்க் கரை தாண்டி அவன் தலை மறையிற வரைக்கும் அங்காயி பாத்துக்கிட்டே நின்னுச்சாம்.

அப்புறம் ஒம்பது நாளு குட்டியக் கூப்பிடவே இல்லை. உருண்டையப் பக்கத்துல வச்சுட்டு, குட்டிக்கு முதுகு காட்டி உக்காந்துக்குமாம். திரும்பிப் பாக்காதாம். மொத நாளு குட்டி வரலை. ரெண்டாம் நாளு வரலை. மூணாம் நாளு மோந்து பாத்துட்டு ஓடிருச்சு. ஒம்பதாம் நாளு வந்து தின்னுட்டு, முதுகுல தலைய வச்சுக்கிச்சாம். குட்டி வந்துருச்சு. ஆனா போறதுக்குத்தான் வழி இல்லை.

ஐப்பசியும் வந்துச்சு. போன கெடையெல்லாம் திரும்புச்சு. உடையணன் மட்டும் வரலை. வர்ற வழியில ஆத்தைக் கடக்கையில கொஞ்சம் அசந்துட்டானாம், நாப்பது ஆட்டுக்குட்டிய வெள்ளம் கொண்டு போயிருச்சாம். வீரணன் குதிச்சாராம். "வரச் சொல்லுங்கடா அவனை. வரட்டும், தோலை உரிக்கிறேன்."

ஆள் போச்சு. வரலை. மறுபடி போச்சு. வரலை. வேப்பங்குளத்துல அடுத்தவுக ஆட்டை மேச்சுக்கிட்டுக் கெடக்கான்னு சேதி வந்துச்சு. மூணு மைல்தான். மூணு மைல் தள்ளிப் புருசன் இருக்கான், பாக்க முடியலை. மூணாந்தடவ ஆள் அனுப்பப் போறப்பதான் கதவுக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம்.

"மாமா."

வீரணன் திகைச்சுப் போனாராம். பத்து மாசமா அந்தக் கொரலை அவரு கேட்டதே இல்லையே.

"நீங்க கூப்பிடுறது அடிக்கத்தான?"

"பின்ன கொஞ்சவா?"

"அப்ப வர மாட்டாக, மாமா. கூப்பிட்டு அடிச்சா அப்புறம் வராது. நான் அடிச்சுப் பாத்துட்டேன்."

வீரணன் நாயைப் பாத்தாராம், கையில இருந்த கம்பைப் பாத்தாராம். அப்புறம் சொன்னாராம், "நீ போயிக் கூப்பிடு. கை வைக்க மாட்டேன். ஆட்டு மேல சத்தியம்."

அங்காயி கம்பஞ்சோத்தைத் தூக்குச் சட்டியில போட்டுக்கிட்டு, நாயோட நடந்து போச்சாம். வேப்பங்குளத்து மேய்ச்சல் ஓரத்துல ஒரு பாறை. புருசன் பேரச் சொல்லிக் கூப்பிடவும் முடியாது, கத்தவும் தெரியாது. சோத்தைப் பக்கத்துல வச்சுட்டு, அவனுக்கு முதுகு காட்டி உக்காந்துக்கிச்சாம்.

கூட மேச்சவுக கேலி பேசுனாகளாம். "ஏலே உடையா, ஒம் பொண்டாட்டி மூஞ்சியக் கூடக் காட்ட மாட்டேங்குறா. அம்புட்டு அழகாடா நீ?"

வெயில் ஏறுச்சு. அங்காயி திரும்பலை. ஆடெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாப் பாறைப் பக்கம் மேய ஆரம்பிச்சுச்சு. ஆடு தானா வருமா? அவன்தான் ஓட்டிக்கிட்டு வந்திருக்கான். திரும்பிப் பாக்கணும் போலத்தான் இருந்துச்சாம். கழுத்து வலிக்க வலிக்க உக்காந்திருந்துச்சாம். வெயில் சாயிறப்ப முதுகுக்குப் பின்னால கேட்டானாம்.

"ஐயா என்ன சொன்னாரு?"

"சோறு ஆறுது"ன்னுச்சாம் அங்காயி.

உக்காந்து தின்னானாம். தின்னு முடிச்ச பெறகுதான் அங்காயி திரும்பி அவன் மூஞ்சியப் பாத்துச்சாம்.

வீட்டுக்கு வந்தாக. வீரணன் வாசல்ல நிக்கிறாரு. கையில கம்பு இல்லை. "சாப்பிட்டியா?"ன்னாராம். "சாப்பிட்டேன்"னானாம். "காலைக் கழுவிட்டு உள்ள வா."

அதுல இருந்துதான் காரேந்தல்ல ஒரு வழக்கம். கூப்பிட்டு வந்த புள்ளையையும் நாயையும் அடிக்கிறது இல்லை, வையிறதும் இல்லை. அடிக்கணும்னா நாமதான் எந்திரிச்சு அது இருக்கிற எடத்துக்கு நடந்து போகணும். பாதித் தூரத்துலயே கோவம் எறங்கிரும்.

அந்தப் பாறையும் இருக்கு. திரும்பி உக்காந்த பாறைன்னுதான் பேரு. இப்ப ஆம்பளைக கெடைக்குப் போறது கொறைஞ்சு போச்சு. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போறாக. லீவு கெடைக்கலை, இந்த வருசமும் வரலைன்னு போன் வந்தா, அந்த வீட்டுப் பொம்பளை ஒரு உருண்டைச் சோத்தை அங்க கொண்டு போயி வைக்கும். காக்காதான் தின்னுதுன்னு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் வச்சுட்டுத் திரும்பிப் பாக்காமத்தான் வருவோம்.