கொட்டகை மூடிய பிறகு

அவைத்தலைவர் பச்சியப்பன் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, கைவேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே!

தருமபுரி புளித் தொழிலாளர் சங்கத் தலைவி அமீருன்னிசா அம்மையார் மறைந்துவிட்டார். சங்கச் செயலாளன் நான் பேச வேண்டுமாம். என்ன பேசுவேன்!

மண்டிக் கொட்டகையில் உங்களோடு உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தவர் அவர். வெக்கையில் உடன் வேலை செய்த நஞ்சம்மாள் மயங்கி விழுந்து கரு கலைந்தபோது கேட்க யார் இருந்தார்கள்? அம்மையார் கேட்டார்! குடிதண்ணீர் கேட்டார், நியாயமான கூலி கேட்டார், பேறுகால விடுப்பு கேட்டார். தொழிலாளர் அதிகாரியை அழைத்துவந்து கொட்டகையைக் காட்டினார். உத்தரவு வந்தது. வெற்றி, வெற்றி என்று முழங்கினோமே!

அடுத்த புளிக்காலத்தில் கொட்டகையில் பூட்டுத் தொங்கியது. மூட்டைகள் மாட்டுவண்டியில் நம் வாசலுக்கே வந்தன. கூலி பாதியானது. "எங்கிட்ட வேலையாளே இல்லீங்க. அவங்கவங்க வூட்டுல அவங்கவங்க செய்யறாங்க" என்றார் மண்டிக்காரர்.

மறுபடியும் அதிகாரியிடம் போனோம். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "கொட்டாய்னா உள்ள வந்து கேப்பேன். வூட்டுக்குள்ள வந்து யாரைம்மா கேக்கறது? சட்டத்துல எடமில்லீங்களே."

"புளி அவருது. கூலி அவரு சொல்றது. வூடு மட்டுந்தானுங்க எங்களுது. அதுக்காக நாங்க தொழிலாளி இல்லாம போயிடுவோமுங்களா?" என்று கேட்டார் அம்மையார்.

பாவம், அந்த அதிகாரிதான் என்ன செய்வார்!

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா கொட்டாயாவது இருந்திருக்குமே, அக்கா" என்று அழுதார் நஞ்சம்மாள். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அம்மையாருக்கும் இல்லை.

கடைசியில் காய்ச்சலோடும் அம்மையார் புளியை விடவில்லை. "படுங்கம்மா" என்றேன். "மூட்டை அப்படியே திரும்பிப் போனா அடுத்தது வராதுங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது காலம் கடந்துவிட்டது.

தோழர்களே! எந்த வீட்டில் வேலை நடந்தாலும், புளி கொடுப்பவரே முதலாளி என்று சட்டம் சொல்ல வேண்டும். அதைக் கேட்க வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். கிடைக்குமா? தெரியாது. வருகிறவர்கள் கை தூக்குங்கள்.

மண்டிக்காரரின் ஆள் வாசலில் நிற்பதை நானும் பார்க்கிறேன். தூக்க முடியாதவர்களைக் குறை சொல்லமாட்டேன். இதோ, நான் தூக்குகிறேன்.